ஜெரார்டா, லாம்பார்டா, ஸ்கோல்ஸா? முதலில் பின்னால் நின்றது யார் என்று பாருங்கள்

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. லிவர்பூலின் ஸ்டீவன் ஜெரார்ட், செல்சியின் ஃபிராங்க் லாம்பார்ட், மான்செஸ்டர் யுனைடெட்டின் பால் ஸ்கோல்ஸ் மூவரில், இங்கிலாந்துக் கால்பந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கின் ஆகச்சிறந்த மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள ஆட்டக்காரர், யார்? மூவரும் ஒரே காலத்தில் இருந்தும் இங்கிலாந்து அணி ஏன் ஒரு கோப்பைகூட ஜெயிக்கவில்லை?

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நடுக்களத்தில் ஆடுகிறவரின் ஆட்டத்தில் பாதி அவர் கையில் இல்லை, அவருக்குப் பின்னால் நிற்பவர் கையில் இருக்கிறது. அந்த ஆளை மாற்றினால் அதே லாம்பார்ட் வேறு லாம்பார்ட். இதைக் கணக்கில் எடுக்காமல் மூவரையும் தராசில் வைத்தால், வாதம் இருபது வருடமாகச் சுற்றுகிற இடத்திலேயே சுற்றும்.

முதலில் எண்கள். பிரீமியர் லீக்கில் மட்டும் லாம்பார்ட் 609 ஆட்டங்களில் 177 கோல். மிட்ஃபீல்டர்களில் அவரை யாரும் நெருங்கவில்லை. ஜெரார்ட் 504 ஆட்டங்களில் 120. ஸ்கோல்ஸ் 499 ஆட்டங்களில் 107. மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கு முடிந்தது. ஆனால் லாம்பார்டின் 177-ல் 43 பெனால்டி, ஜெரார்டின் 120-ல் 32 பெனால்டி. யுனைடெட்டில் பெனால்டி அடிப்பது ஸ்கோல்ஸின் வேலையாக இருந்ததே இல்லை. பெனால்டியைக் கழித்துப் பாருங்கள்: லாம்பார்டுக்கு 134, ஆட்டத்துக்கு 0.22. ஜெரார்டுக்கு 88, ஆட்டத்துக்கு 0.17. ஸ்கோல்ஸுக்கு ஆட்டத்துக்கு 0.21. கோல் அடிக்கும் மிட்ஃபீல்டர் என்றதும் எல்லோரும் லாம்பார்டைச் சொல்கிறார்கள். பாஸ் கொடுக்கும் ஆள் என்று பெயரெடுத்த ஸ்கோல்ஸ் அவருக்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறார். அதுவும் கடைசி ஐந்தாறு வருடம் நடுவட்டத்தைத் தாண்டி அதிகம் முன்னே போகாமல் ஆடியவர்.

அசிஸ்ட் கணக்கிலும் கவனம் வேண்டும். லீக்கின் அதிகாரப்பூர்வக் கணக்கில், கோலுக்கு முந்தைய கடைசிப் பாஸ் மட்டுமே அசிஸ்ட். பெனால்டி வாங்கிக் கொடுத்தால் அது அசிஸ்ட் ஆகாது. ரசிகர்கள் நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டஸி விளையாட்டில் அதுவும் அசிஸ்ட்தான். இரண்டு கணக்கையும் கலந்து போட்டுச் சண்டை போடுகிறவர்கள் ஏராளம். அதே ஃபேன்டஸி பட்டியலில் சாலாவும் சோன் ஹூங்-மின்னும் பல வருடம் மிட்ஃபீல்டர் என்ற தலைப்பின்கீழ் இருந்தார்கள். அவர்கள் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வரும் முன்வரிசை ஆட்டக்காரர்கள். லாம்பார்டோடு அவர்களை வைத்து ஒப்பிடுவது எதற்கும் உதவாது.

எண்களை விட்டுவிட்டு ஆட்டத்துக்கு வருவோம்.

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் பெரும்பாலான அணிகள் ஆடியது 4-4-2, அதாவது தற்காப்பில் நால்வர், நடுவரிசையில் நால்வர், முன்னால் இருவர். நடுவரிசையில் இருவர் ஓரத்துக்குப் போக, நடுவில் இரண்டே பேர். மைதானத்தின் அகலம் சுமார் 68 மீட்டர். ஓரத்தில் இருக்கும் இருவரும் அகலமாகவே நிற்பார்கள் என்பதால் நடுவிலுள்ள பெரும்பரப்பு இந்த இருவர் தலையில்தான். இந்த அமைப்பில் எழுதப்படாத ஒரு விதி உண்டு: ஒருவர் முன்னே போனால் மற்றவர் நின்றாக வேண்டும். இருவரும் போய்ப் பந்து பறிபோனால், எதிரணி நடுவட்டத்திலிருந்து சென்டர் பேக் (தற்காப்பின் நடுவில் நிற்பவர்) வரை யாரும் தடுக்காமல் நடந்தே வரலாம்.

இதை மிகச் சரியாகச் செய்த ஜோடி ராய் கீனும் ஸ்கோல்ஸும். கீன் 1993-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிலிருந்து 37.5 லட்சம் பவுண்டுக்கு யுனைடெட் வந்தார், அப்போது அது பிரிட்டிஷ் சாதனைத் தொகை. அவரை வெறும் அடிதடி ஆட்டக்காரராக நினைவு வைத்திருப்பவர்கள் பழைய ஆட்டம் ஒன்றை முழுசாகப் பார்க்க வேண்டும். டேக்கிள்கள் (எதிரணிக் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) கண்ணில் படும். ஆனால் அவர் அதிகம் செய்தது அதுவல்ல. சென்டர் பேக்கிடம் பந்து வந்ததும் கைநீட்டிக் கேட்பார், ஒரு தொடுதலிலோ இரண்டிலோ பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார், கொடுத்த கையோடு அடுத்த பாஸ் வாங்குவதற்கான இடத்துக்கு நகர்ந்திருப்பார். அலுப்பூட்டும் வேலை. அந்த அலுப்பு வேலைதான் ஸ்கோல்ஸை 40 மீட்டர் முன்னே போகவிட்டது.

1999 ஏப்ரல் 21, டூரினில் யுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. 11 நிமிடத்துக்குள் யுனைடெட் 2-0 பின்தங்கியது. 24-வது நிமிடத்தில் பெக்கம் கார்னரில் கீன் தலையால் கோல். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் அட்டை, அதனால் இறுதி ஆட்டம் கிடையாது. அதன்பிறகும் அவர் ஆடிய விதத்தைத்தான் இன்றும் பேசுகிறார்கள். யுனைடெட் 3-2 ஜெயித்தது. மாற்று ஆட்டக்காரராக வந்த ஸ்கோல்ஸுக்கும் அதே ஆட்டத்தில் அட்டை. பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான இறுதியில் நடுவில் ஆடியது பெக்கமும் நிக்கி பட்டும். கோப்பை வந்தது, ஆனால் அந்த ஆட்டத்தின் முதல் 90 நிமிடம் யுனைடெட் நடுக்களம் எவ்வளவு தட்டுத்தடுமாறியது என்று பார்த்தால் இல்லாத இருவரின் விலை தெரியும்.

ஸ்கோல்ஸ் தொடங்கியது ஸ்ட்ரைக்கருக்கு (முன்னால் நின்று கோல் அடிப்பவருக்கு) சற்றுப் பின்னால் ஆடும் ஆளாக. 1997 செப்டம்பரில் லீட்ஸில் கீனின் முழங்கால் தசைநார் அறுந்து அந்த சீசன் போன பிறகே அவர் நடுவில் நிலைத்தார். 2002-03-ல் ரூட் வான் நிஸ்டல்ரூய்க்குப் பின்னால் நிறுத்தியதும் லீக்கில் 14 கோல். 2006-ல் மைக்கேல் கேரிக் வந்தபின், அவர் பக்கத்தில் நின்று ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆளாக மூன்றாவது முறை மாறினார். 2011-ல் ஓய்வு பெற்று, 2012 ஜனவரியில் திரும்பி வந்து, 2013-ல் பதினோராவது லீக் பட்டத்தோடு போனார். மொத்தம் மூன்று வேறு வேலைகள், மூன்றிலும் பட்டம்.

அவருடைய கோல்களில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன்: 2000 மார்ச், பிராட்ஃபோர்ட் சிட்டிக்கு எதிராக. வலது ஓரத்தில் பெக்கம் கார்னர் எடுக்கிறார். பெனால்டி பாக்ஸுக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கோல்ஸ் பாக்ஸுக்கு வெளியே தனியாக, யாரும் சீண்டாமல். பெக்கம் கூட்டத்தின் தலைக்குமேல் நேராக அவருக்கு அனுப்புகிறார். பந்து தரையைத் தொடவே இல்லை, ஸ்கோல்ஸ் ஓட்டத்திலேயே வாலி அடிக்கிறார். அந்த உதையில் உடல் பின்னால் சாயவில்லை, முழங்கால் பந்துக்கு மேலே இருக்கிறது. பந்து மேலே பறக்காமல் வலைக்குள் போனதற்குக் காரணம் அதுதான். பெரும்பாலானவர்கள் அந்த உயரத்தில் வரும் பந்தை அடிக்கும்போது சாய்ந்துவிடுவார்கள், பந்து கேலரிக்குப் போகும்.

ஆர்சனலில் இதே விதியின் இன்னொரு வடிவம் பாட்ரிக் வியேரா. அவர் பெரிய உடல்வாகோடு பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு பாக்ஸிலிருந்து பாக்ஸுக்கு ஓடுவார். முதலில் இமானுவேல் பெட்டி, பிறகு கில்பர்ட்டோ சில்வா அவருக்குப் பின்னால் நின்றதால் அது முடிந்தது. 2004 ஏப்ரல் 25, டாட்டனம் மைதானத்தில் பட்டம் உறுதியான ஆட்டத்தின் முதல் கோலைப் பாருங்கள். டாட்டனம் எடுத்த கார்னர் உடைந்து, ஹென்ரி பந்தோடு பாய்ந்து, இடப்பக்கம் பெர்க்காம்ப்புக்குத் தந்து, பெர்க்காம்ப் குறுக்கே தர, வழுக்கிக்கொண்டு வந்து முடித்தவர் வியேரா. சில விநாடிகளுக்கு முன் அவர் தன் சொந்த பாக்ஸைக் காத்துக்கொண்டிருந்தார். 38 ஆட்டத்தில் 26 வெற்றி, 12 டிரா, தோல்வி இல்லை என்ற அந்த சீசனில் கில்பர்ட்டோவின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

2004 கோடையில் ஜோசே மொரீன்யோ செல்சிக்கும் ரஃபா பெனிட்டெஸ் லிவர்பூலுக்கும் பயிற்சியாளர்களாக வந்தார்கள். இங்கேதான் கதை திரும்புகிறது. மொரீன்யோ நடுவில் மூன்று பேரை நிறுத்தினார்: பின்னால் க்ளோட் மக்கலேலே, முன்னால் இருவர். எதிரணியின் இருவர் செல்சியின் முன்னிருவரைப் பிடித்தால் மக்கலேலே தனியாக இருப்பார், பந்து அவரிடம் போகும். இருவரில் ஒருவர் மக்கலேலேயை நோக்கி வந்தால் லாம்பார்ட் தனியாக இருப்பார். ஓரத்து ஆட்டக்காரர் உள்ளே வந்து உதவினால் செல்சியின் ஓரம் திறந்துவிடும். எதைச் செய்தாலும் ஒருவர் குறைகிறார். இரண்டுபேர் நடுக்களத்துக்கு இதற்கு விடை கிடையாது. அந்த சீசன் செல்சி வாங்கிய கோல் வெறும் 15, எடுத்த புள்ளிகள் 95.

மக்கலேலே லீக்கில் செல்சிக்காக அடித்தது இரண்டே கோல். அதில் ஒன்று பட்டம் உறுதியான பிறகு, சார்ல்டனுக்கு எதிராக, எல்லோரும் சேர்ந்து அவரைப் பெனால்டி அடிக்கச் சொல்லி, அதைக் கீப்பர் தடுத்து, திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே தட்டியது. அன்று சக ஆட்டக்காரர்கள் அவர்மேல் விழுந்து கொண்டாடியதைப் பார்த்தால், அணிக்குள் இருப்பவர்களுக்கு அவர் மதிப்பு தெரிந்திருந்தது என்று புரியும்.

அவர் பின்னால் இருந்ததால் லாம்பார்ட் செய்தது என்ன? செல்சியின் ஓரத்து ஆட்டக்காரர் பந்தோடு கோல்கோட்டை நோக்கிப் போகிறார். ஸ்ட்ரைக்கர் ட்ரோக்பா கோல்வாய்க்கு நெருக்கமாக ஓடி இரண்டு சென்டர் பேக்கையும் தன்னோடு இழுக்கிறார். தற்காப்பு வரிசை முழுக்க 5.5 மீட்டர்க் கோடு வரை பின்வாங்குகிறது. இப்போது 11 மீட்டரில் இருக்கும் பெனால்டி புள்ளியைச் சுற்றி வெற்றிடம். லாம்பார்ட் அதுவரை பாக்ஸுக்கு வெளியே, கிட்டத்தட்ட நடந்துகொண்டிருப்பார். பந்து பின்னோக்கி வெட்டித் தரப்படும் கணத்துக்குச் சற்று முன்னால்தான் ஓட்டத்தைத் தொடங்குவார். முன்னதாகவே ஓடினால் அவரோடு ஒருவர் வந்துவிடுவார், வெற்றிடம் போய்விடும். தாமதமாக வருகிறவரை எதிரணிச் சென்டர் பேக் பார்க்க வாய்ப்பே இல்லை, அவர் முகம் பந்தின் பக்கம் இருக்கிறது. எதிரணியின் மிட்ஃபீல்டர்தான் லாம்பார்டைத் தொடர்ந்து ஓட வேண்டும். 80-வது நிமிடத்தில் பத்தாவது முறையாக ஓடுவதற்கு அவருக்குக் கால் இருக்காது. லாம்பார்டுக்கு இருக்கும். தொடர்ச்சியாக 164 லீக் ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடியவர் அவர்.

ஓட்டம் மட்டும் போதாது, எப்போது ஓடுவது என்று தெரிய வேண்டும். நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட், பந்து வருவதற்கு முன் ஆட்டக்காரர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று காணொளி வைத்து எண்ணினார். அதில் முதலிடம் லாம்பார்டுக்கு, அடுத்து ஜெரார்ட். லாம்பார்டைத் திறமை குறைந்த உழைப்பாளி என்று சொல்கிறவர்களுக்கு இது பதில். ட்ரோக்பாவும் அவரும் ஒருவருக்கொருவர் அமைத்துக்கொடுத்த லீக் கோல்கள் 36. டாட்டனத்தின் கேன்–சோன் ஜோடி முறியடிக்கும்வரை அதுதான் சாதனை.

2005 ஏப்ரல் 30, போல்டன் மைதானத்தில் செல்சி 50 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம் வென்றபோது இரண்டு கோலும் லாம்பார்ட். இரண்டாவது கோல் போல்டனின் கார்னரிலிருந்து எழுந்த எதிர்த்தாக்குதல், கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் அடித்தது. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான அந்த வருட பாலோன் டோர் விருது வாக்கெடுப்பில் ரொனால்டின்யோவுக்கு அடுத்து இரண்டாவது லாம்பார்ட், மூன்றாவது ஜெரார்ட்.

ஜெரார்டிடம் வருவோம். மூவரில் எல்லாமே கையில் இருந்தவர் அவர்தான்: வேகம், டேக்கிள், 50 மீட்டர் பாஸ், தூரத்து உதை, தலையடி. அதுவே அவருக்குத் தொல்லையாகவும் ஆனது. எங்கே போட்டாலும் ஆடுவார் என்பதால் ஓட்டை இருந்த இடத்தில் எல்லாம் அவரைப் போட்டார்கள். 2005 இஸ்தான்புல் இறுதி ஆட்டமே இதற்குச் சாட்சி. ஏசி மிலானிடம் 3-0 பின்தங்கிய நிலையில் இடைவேளையில் தற்காப்பு மிட்ஃபீல்டர் ஹமான் உள்ளே வந்தார். அதுவரை அலோன்ஸோவுடன் சேர்ந்து மிலானின் மிட்ஃபீல்டர் காக்காவைத் துரத்திக்கொண்டிருந்த ஜெரார்ட் முன்னே போனார், 54-வது நிமிடத்தில் தலையால் கோல் அடித்தார். ஸ்கோர் 3-3 ஆன பிறகு மிலானின் செர்ஜின்யோ இடது ஓரத்தில் கிழித்துக்கொண்டு போனதால், அதைத் தடுக்க ரைட் பேக்காக (வலது ஓரத் தற்காப்பாளராக) போனார். ஒரே ராத்திரியில் மூன்று இடம். ஹமான் வராவிட்டால் அந்தக் கோல் இல்லை. இதைச் சொன்னால் லிவர்பூல் ரசிகர்கள் கோபிக்க மாட்டார்கள், அவர்களுக்கே தெரியும்.

பெனிட்டெஸ் அவரை நடுவில் இருவரில் ஒருவராக நம்பவில்லை. இடத்தை விட்டு ஓடிவிடுவார் என்பதுதான் காரணம். 2005-06-ல் பெரும்பாலும் வலது பக்கம் ஆடவைத்தார், எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 23 கோல், சக ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2008-09-ல் ஸ்ட்ரைக்கர் டாரெஸுக்குப் பின்னால் சுதந்திரமாக விட்டார். அவருக்குப் பின்னால் அலோன்ஸோவும் மஸ்கெரானோவும். ஒருவர் பந்தைக் கொண்டுவந்து தருவார், மற்றவர் பறித்துத் தருவார். லீக்கில் ஜெரார்டுக்கு 16 கோல், அணி தோற்றது இரண்டே ஆட்டம், 86 புள்ளி, இரண்டாம் இடம். அந்தக் கோடையில் அலோன்ஸோ ரியால் மாட்ரிட் போனார். அடுத்த சீசன் லிவர்பூல் 63 புள்ளியோடு ஏழாவது, ஜெரார்டுக்கு லீக்கில் 9 கோல். காயங்களும் நிர்வாகக் குழப்பமும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனாலும் பந்து ஜெரார்டிடம் போய்ச்சேரும் பாதையே அறுந்துவிட்டதை ஆட்டங்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

2013-14-ல் அப்போதைய பயிற்சியாளர் பிரெண்டன் ராட்ஜர்ஸ் அவரை நேரெதிராக, எல்லோருக்கும் பின்னால் நிறுத்தினார். நீளப் பாஸ்களுக்கு அது பொருத்தம். 13 கோலும் 13 அசிஸ்ட்டும் வந்தன, கோல்களில் 10 பெனால்டி. ஆனால் அணி 101 கோல் அடித்து 50 கோல் வாங்கியது. பட்டம் வெல்லும் அணி 50 கோல் வாங்காது. ஏப்ரல் 27, ஆன்ஃபீல்டில் செல்சிக்கு எதிராகச் சக ஆட்டக்காரர் சாக்கோ தந்த எளிதான பாஸ் அவர் காலுக்கடியில் நழுவியது, திரும்ப எடுக்கப் போனவர் வழுக்கி விழுந்தார், செல்சியின் டெம்பா பா தனியாக ஓடிக் கோல் அடித்தார். வழுக்கியதைக் கேலி செய்கிறவர்கள் அதிகம். கவனிக்க வேண்டியது, அவர் விழுந்த இடத்துக்குப் பின்னால் கீப்பரைத் தவிர ஆள் இல்லை என்பது. வாழ்நாள் முழுக்க முன்னே பாய்ந்த ஒருவர் 33 வயதில் கடைசிக் காவலாக நின்றுகொண்டிருந்தார். லீக் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இப்போது இங்கிலாந்து. 2004 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) பயிற்சியாளர் ஸ்வென்-யோரான் எரிக்சன் ஆடவைத்தது 4-4-2. முன்னால் ஓவன், ரூனி. வலது பக்கம் கேப்டன் பெக்கம். நடுவில் ஜெரார்டும் லாம்பார்டும். மிச்சம் இருந்த இடது ஓரத்தில் ஸ்கோல்ஸ். மூவரில் பந்தை வைத்து ஆட்டத்தை நிதானப்படுத்தத் தெரிந்தவரைக் கோட்டோரம் தள்ளிவிட்டு, இரண்டு பாய்ச்சல்காரர்களை நடுவில் விட்டார்கள். நான் போகவா நீ போகிறாயா என்ற தயக்கத்தில் இருவரும் தங்கள் கிளப்பில் செய்வதில் பாதியைத்தான் செய்தார்கள், சில நேரம் இருவரும் போனார்கள். காலிறுதியில் போர்ச்சுகலிடம் பெனால்டியில் வெளியேற்றம். ஸ்கோல்ஸ் 29 வயதில், 66 ஆட்டங்களோடு நாட்டு அணியிலிருந்து விலகினார்.

2006 உலகக் கோப்பைக் காலிறுதியில், மீண்டும் போர்ச்சுகல், ஓவன் ஹார்கிரீவ்ஸை நடுவில் பின்னால் நிறுத்தினார்கள். 62-வது நிமிடத்தில் ரூனி சிவப்பு அட்டை வாங்கிப் போனபிறகும் பத்துப் பேரோடு இங்கிலாந்து தாக்குப்பிடித்தது. அன்றைக்கு இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர் ஹார்கிரீவ்ஸ். பெனால்டியில் லாம்பார்ட், ஜெரார்ட், கேராகர் மூவரும் தவறவிட, கோல் அடித்த ஒரே ஆள் அவர்தான். மருந்து கையில் கிடைத்தது, மிகத் தாமதமாக. பிறகு அவருக்கு முழங்கால் காயங்கள் தொடர்ந்தன. 2007 நவம்பரில் வெம்ப்ளியில் குரோஷியாவிடம் 2-3 தோற்று அடுத்த யூரோவுக்கே இங்கிலாந்து தகுதி பெறவில்லை. கேரிக் போன்ற ஒருவர் அந்தத் தலைமுறையில் இருந்தார் என்பதுதான் எரிச்சல். யுனைடெட்டில் ஐந்து லீக் பட்டம் வென்ற அவருக்குக் கிடைத்த இங்கிலாந்து ஆட்டங்கள் 34 மட்டுமே. ஜெரார்டுக்கு 114, லாம்பார்டுக்கு 106.

ஆகவே அவர்கள் சேர்ந்து ஆட முடியாது என்பது பொய். மூன்றாவது ஆளில்லாமல் ஆட முடியாது என்பதே சரி. 2005 ஜூலையில் ஜெரார்ட் செல்சிக்குப் போகும் விளிம்புவரை போய் மனம் மாறினார். போயிருந்தால் மக்கலேலேக்கு முன்னால் இருவரும் ஆடியிருப்பார்கள், இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

பிறகு வந்தவர்களிடமும் இதே கதைதான், ஆட்கள் மட்டும் வேறு. ஃபாப்ரிகாஸ் 2014-15-ல் செல்சிக்கு 18 அசிஸ்ட் தந்தபோது பக்கத்தில் மாட்டிச் நின்றார். பெப் கார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டியில் பின்னால் ஒருவர் நிற்க, டேவிட் சில்வாவும் கெவின் டி புருய்னாவும் முன்னே இரண்டு பக்கமும் நின்றார்கள். டி புருய்னாவின் இடம் எதிரணி ஃபுல்பேக்குக்கும் (ஓரத் தற்காப்பாளர்) சென்டர் பேக்குக்கும் நடுவிலுள்ள சந்து. அங்கிருந்து கீப்பருக்கும் தற்காப்பு வரிசைக்கும் இடையே, தரையை ஒட்டியோ நெஞ்சுயரத்திலோ, வேகமாக வளைத்து அனுப்புவார். அந்தப் பந்துக்குக் கீப்பர் வெளியே வந்தால் தாமதம், வராவிட்டால் கோல். தற்காப்பு ஆட்டக்காரர் தன் கோலை நோக்கி ஓடிக்கொண்டே அதைத் தொட்டால் சொந்தக் கோல் ஆகிவிடும். 100 அசிஸ்ட்டை அவர் 237 ஆட்டத்தில் எட்டினார். அதற்குமுன் வேகமாக எட்டிய ஃபாப்ரிகாஸுக்கு 293 தேவைப்பட்டது.

எங்கோலோ கான்டே தனி இனம். 2015-16-ல் லெஸ்டர் 4-4-2 ஆடியே பட்டம் வென்றது. மேலே சொன்ன கணக்கின்படி அது நடந்திருக்கவே கூடாது. நடந்ததற்குக் காரணம் கான்டே இரண்டு பேர் வேலையைச் செய்தது, அந்த சீசனில் 175 டேக்கிள். அடுத்த வருடம் அவர் செல்சியில் பட்டம் வென்றார், லெஸ்டர் 44 புள்ளியோடு 12-வது.

பின்னால் நிற்பவரின் மதிப்பை எண்ணிலேயே காட்ட வேண்டுமென்றால் சிட்டியின் ரோட்ரி. 2023-24-ல் சிட்டி லீக்கில் தோற்றது மூன்று ஆட்டம்: வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் ரோட்ரி தடையில் இருந்தார். 2024 செப்டம்பர் 22, ஆர்சனலுக்கு எதிராக அவர் முழங்கால் தசைநார் அறுந்தது. ஒரு மாதம் கழித்துப் பாலோன் டோர் வாங்க ஊன்றுகோலோடு மேடையேறினார். தொடர்ந்து நான்கு பட்டம் வென்றிருந்த சிட்டி அந்த சீசனில் ஒன்பது ஆட்டம் தோற்று 71 புள்ளியோடு மூன்றாம் இடத்தில் முடித்தது. டி புருய்னாவுக்கு அப்போது 33 வயது என்பதையும், மற்ற காயங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆனால் சரிவு தொடங்கிய இடம் எதிர்த்தாக்குதலில் எதிரணி நடுவே ஓடிவந்த பாதை. அங்கே நிற்க வேண்டியவர் மருத்துவமனையில் இருந்தார்.

இதையெல்லாம் நீங்களே சரிபார்க்கலாம். ஹைலைட்ஸ் பார்க்காதீர்கள், அதில் மிட்ஃபீல்டர் கோல் அடிக்கும்போதும் தவறு செய்யும்போதும் மட்டுமே தெரிவார். முழு ஆட்டம் ஒன்றை எடுத்து, முதல் 15 நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒரே ஆளைப் பாருங்கள். சென்டர் பேக்கிடம் பந்து இருக்கும்போது அவர் தலை திரும்புகிறதா? பந்தை வாங்கும்போது அவர் உடல் தன் கோலைப் பார்த்து இருக்கிறதா, பக்கவாட்டில் திறந்து இருக்கிறதா? தன் கோலைப் பார்த்தபடி வாங்கினால் திரும்பிக் கொடுப்பது தவிர வேறு வழியில்லை. பக்கவாட்டில் திறந்து வாங்கினால் முதல் தொடுதலிலேயே முன்னே போகலாம். பாஸ் கொடுத்தபின் நின்று பார்க்கிறாரா, நகர்கிறாரா? தன் அணி தாக்கும்போது நடுவட்டத்துப் பக்கம் யார் மிச்சமிருக்கிறார்? கேமரா பந்தோடு போவதால் இந்தக் கடைசிக் கேள்விக்குத் திரையில் பதில் உடனே கிடைக்காது. பந்து பறிபோன கணத்தில் திரையின் ஓரத்திலிருந்து முதலில் உள்ளே வருபவர் யார் என்று பாருங்கள், அவர்தான்.

யார் பெரியவர் என்பதற்கு நேரடிப் பதில் வேண்டுமென்றால்: 38 ஆட்டம் கொண்ட லீக்கை ஜெயிக்க ஸ்கோல்ஸ், ஏனென்றால் அவர் மட்டுமே பின்னால் நிற்பவராகவும் முன்னே போகிறவராகவும் இரண்டு முனையிலும் பட்டம் வென்றவர். மக்கலேலே போன்ற ஒருவர் ஏற்கெனவே அணியில் இருந்தால் லாம்பார்ட். தோற்றுக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஆட்டத்தைத் திருப்ப ஜெரார்ட். 2006 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக, காயநேரத்தில் 35 கஜத்திலிருந்து 3-3 ஆக்கிய உதை ஒன்று போதும். மூவரையும் தாண்டி முழு லீக் வரலாற்றிலிருந்து மூவர் நடுக்களம் அமைக்கச் சொன்னால் ரோட்ரி, ஸ்கோல்ஸ், டி புருய்னா. இருவர் மட்டும் என்றால் கீன், வியேரா. அந்த இருவரும் ஒரே அணியில் என்றால் டிரெஸ்ஸிங் ரூமில் என்ன நடக்கும் என்பது வேறு விஷயம்.

கிக்ஸும் பெக்கமும் இதில் இல்லாததற்குக் காரணம் அவர்கள் ஓரத்து ஆட்டக்காரர்கள் என்பதே. 162 அசிஸ்ட்டோடு கிக்ஸ் இன்னும் முதலிடம், அதை யாரும் மறுக்கவில்லை. சவுத்தாம்ப்டனின் மேட் லெ டிசியே லீக்கில் 100 கோல் தொட்ட முதல் மிட்ஃபீல்டர் என்று பட்டியல்கள் சொல்லும். அவர் ஆடியது பெரும்பாலும் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், திரும்பி ஓடும் பொறுப்பில்லாமல். சிட்டியின் யாயா டூரே 2013-14-ல் 20 லீக் கோல் அடித்தது தனியாக எழுத வேண்டிய விஷயம், அங்கேயும் பின்னால் நின்ற ஃபெர்னான்டின்யோவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.